பதினோரு மணி வரை

இன்று பதினோரு மணி வரை விழித்திருக்கலாம்.
அப்பா சொல்லிவிட்டார்.
ஆகஸ்ட் முடியப்போகிறது; எங்கள் தீவில் இது
குஞ்சுகள் வழி தவறும் காலம்.

மீன் ஆலைக்குப் பின்னால்
லாரிச் சக்கரத்தடியில்
சோல்வி டார்ச் அடிக்கிறான். நான் குனிகிறேன்.
ஒரு சாம்பல் முகம். கறுத்த மூக்கு.
பஃபின் என்றால் மூக்கில் ஆரஞ்சு இருக்க வேண்டாமா?
"மூக்கு இல்லை, அலகு. ஆரஞ்செல்லாம் பெரியவர்களுக்கு"
என்கிறான் சோல்வி.
ஏழு வயது. எல்லாம் தெரியும் அவனுக்கு.

பிடித்தேன். கடித்தது.
கையுறையோடு சேர்த்துக் கடித்தது.
அதுவும் விடவில்லை,
நானும் விடவில்லை.

'ஈக்வடார்' என்று எழுதிய வாழைப்பழப் பெட்டிக்குள்
இப்போது வாழைப்பழம் இல்லை,
ஒரு கோபம் உட்கார்ந்திருக்கிறது.

அதன் வீடு மலைச்சரிவில், புல்லுக்குக் கீழே.
கையை விட்டால் தோள் வரை போகும் பொந்து.
உள்ளே ஒரு முட்டை. ஒன்றே ஒன்று.
பொரிந்த நாள் முதல் அப்பா மீன், அம்மா மீன்,
அலகில் குறுக்கே அடுக்கி, பத்தோ பன்னிரண்டோ,
இரண்டு பக்கமும் வெள்ளி மீசை போலத் தொங்க.
கக்கூஸ் போக அந்தப் பொந்திலேயே ஒரு மூலை உண்டாம்!
(தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டும்.)

ஓர் இரவு, யாரையும் கேட்காமல்,
தனியாக வெளியே நடந்து வந்தது.
வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் இருக்கும்;
அதற்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான்.
வெளிச்சம் தெரிந்தது. நிலா என்று நினைத்துப் பறந்தது.
அது பெட்ரோல் பங்க்.

பெட்டி சலவை அறையில். நான் என் அறையில்.
நடுவில் ஒரு சுவர், அதில்
கரக் கரக், கரக் கரக்.
"பேர் வைக்காதே, எய்ரூன்" என்றார் அம்மா,
"வைத்தால் அனுப்ப மனசு வராது."
நான் வைக்கவில்லை.
வாய்க்குள்ளே மட்டும் வைத்தேன்.

காலையில் எடை பார்க்கும் வரிசை.
எத்தனை பெட்டி! ஷூ பெட்டி, பால் பெட்டி,
ஒரு பையன் தொப்பியிலேயே கொண்டு வந்திருக்கிறான்.
சோல்வியுடையது இருநூற்றுத் தொண்ணூறு கிராம்.
என்னுடையது நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஸ்டெய்ன்வோர் அத்தை தராசைத் தட்டிப் பார்த்தார்.
முள் அசையவில்லை.
"இது இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும்."

சோல்வி பாறை உச்சிக்குப் போனான்.
நான் வீட்டுக்குப் போனேன், காலிப் பெட்டியோடு.
சூப் வேண்டாம் என்றேன். பிறகு குடித்தேன்,
இருநூறு கிராம் ஆகாத ஒன்றை நினைத்துக்கொண்டு.

ஐந்தாம் நாள்: இருநூற்று ஐம்பத்தொன்று!

பாறை உச்சி. காற்று என் பெயரையே தள்ளிக்கொண்டு போகிறது.
அப்பா என் ஜாக்கெட் தொப்பியைப் பிடித்திருக்கிறார், இறுக்கி.
கைகளை முழங்கால் வரை இறக்கு,
ஊஞ்சல் மாதிரி முன்னே வீசு, மேலே விடு.
என் உள்ளங்கையில் ஒரு சின்ன இதயம்
கடிகாரத்தை விட வேகமாக.

வீசினேன்.

விழுந்தது.
கல் மாதிரி விழுந்தது. என் வயிறும் கூடவே விழுந்தது.
அப்புறம் இறக்கை, இறக்கை, இறக்கை,
அடிக்கத் தெரியாமலே அடித்து,
அலைக்கு ஒரு முழம் மேலே நிமிர்ந்து,
ஒரு கறுப்புப் புள்ளி,
பிறகு எல்லாப் புள்ளிகளும் அலைதான்.

இனி இரண்டு மூன்று வருஷம் தரையே மிதிக்காதாம்.
தூங்குவது, தின்பது, மழையில் நனைவது
எல்லாம் தண்ணீர் மேலேயே.
மீன் பிடிக்க யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.
திரும்பி வரும்போது அதற்குப் புது நிறத்தில் அலகு இருக்கும்,
எனக்கு முன்பல் இரண்டும் முளைத்திருக்கும்.
எப்படி அடையாளம் கண்டுபிடிப்போம்?

அப்பாவுக்கும் தெரியவில்லை.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம்.
ஒரு சாம்பல் இறகுத்தூவி, ஒரு மீன் வால்.

இன்றைக்கும் பதினோரு மணி வரைதானே, அப்பா?